ஒரே குழுவில் 19 டிரேஸ் ஈவென்ட்: எப்படிப் பிரிப்பது?

லயத்துப் பையன் | இரவு 8.50

வணக்கம். மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் ஓடும் சின்ன போர்டின் டிரைவர் பற்றிய கேள்வி. நான்கு கோர் ஆர்ம், 1 ஜிபி நினைவகம், இப்போது கர்னல் 6.1. அடுத்து 6.12-க்கு மாற வேண்டும். டிரைவரின் பெயர் கிலாங். அதற்கு மூன்று வேலை: லோரி எடைமேடையின் இண்டிகேட்டரைப் படிப்பது, குலை அவிக்கும் கலனின் அழுத்தத்தைப் படிப்பது, இவை இரண்டும் வந்து சேரும் ஆர்எஸ்-485 லைனைக் கவனிப்பது.

இதில் 19 டிரேஸ் ஈவென்ட் (டிரைவருக்குள் நடப்பதைப் பதிவு செய்யும் புள்ளி) இருக்கிறது. 19-ம் கிலாங் என்ற ஒரே சப்சிஸ்டத்துக்குள், அதாவது ஒரே குழுவில். எடை கணக்கில் சந்தேகம் வந்தால் ஈவென்ட்ஸ்/கிலாங்/எனேபிள் கோப்பில் 1 போடுகிறோம். உடனே 485-இன் ஒவ்வொரு பைட்டும் சேர்ந்து கொட்டுகிறது. லோரி மேடையை விட்டு இறங்கிய பிறகு பார்த்தால், ஏறியபோது பதிவானது டிரேஸில் இல்லை.

பிரித்துப் பார்க்கலாம் என்று அதே ஹெட்டரின் நடுவில் டிரேஸ்_சிஸ்டத்தை அன்டெஃப் செய்து, கீழே இருப்பவற்றுக்குக் கிலாங்_பஸ் என்று புதுப்பெயர் கொடுத்தேன். கம்பைல் ஆகவில்லை. 'ஸ்டர்__கிலாங்__டிரேஸ்_சிஸ்டம்_நேம்' அறிவிக்கப்படவில்லை என்கிறது. அந்தப் பெயரை நான் எங்கேயும் எழுதவே இல்லை.

குழுக்களை எந்தக் கணக்கில் பிரிப்பது, ஹெட்டரை எப்படி அமைப்பது என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். மேக்ரோ, கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். மேக்ரோ எல்லாம் பெரிய எழுத்து என்று எடுத்துக்கொள்ளுங்கள்.


மண்சடக்கு | இரவு 9.25

தம்பி, முதலில் அந்த எர்ரரைப் பார்த்துவிடுவோம். காரணம் புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

டிஃபைன்_டிரேஸ்.எச் உங்கள் ஹெட்டரை ஒரு தடவை படித்துவிட்டு விடாது. டிரேஸ்_ஈவென்ட் மேக்ரோவுக்கு ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பொருள் கொடுத்து, அதே ஹெட்டரைத் திரும்பத் திரும்பப் படிக்கும். ஒரு சுற்றில் ஸ்ட்ரக்ட் பிறக்கும், ஒரு சுற்றில் பதிவு செய்யும் ஃபங்ஷன், இன்னொன்றில் அச்சிடும் ஃபங்ஷன். இந்தச் சுற்றுகள் தொடங்கும் முன்னால், குழுவின் பெயரைத் தாங்கும் ஸ்டாட்டிக் மாறி ஒன்றை ஒரே ஒரு முறை உண்டாக்கும். அந்த நேரத்தில் டிரேஸ்_சிஸ்டத்துக்கு என்ன மதிப்போ அதுதான் அந்த மாறியின் பெயரில் ஒட்டிக்கொள்ளும். உங்கள் ஹெட்டரைக் கடைசி வரி வரை படித்தாயிற்று, அதனால் அப்போது இருப்பது கிலாங்_பஸ். மறுபடி மேலிருந்து படிக்கும்போது, முதல் பாதியில் இருக்கும் ஈவென்ட்கள் கிலாங் என்ற பெயருக்கான மாறியைத் தேடும். அது பிறக்கவே இல்லை. அதைத்தான் கம்பைலர் சொல்கிறது.

ஆகவே ஒரு ஹெட்டருக்கு ஒரு குழு. மூன்று குழு வேண்டுமானால் மூன்று ஹெட்டர். பஸ்_டிரேஸ்.எச் இப்படி இருக்கட்டும்:

#அன்டெஃப் டிரேஸ்_சிஸ்டம்
#டிஃபைன் டிரேஸ்_சிஸ்டம் கிலாங்_பஸ்

#இஃப் !டிஃபைன்ட்(_டிரேஸ்_கிலாங்_பஸ்_எச்) || டிஃபைன்ட்(டிரேஸ்_ஹெட்டர்_மல்ட்டி_ரீட்)
#டிஃபைன் _டிரேஸ்_கிலாங்_பஸ்_எச்
#இன்க்ளூட் <லினக்ஸ்/டிரேஸ்பாயிண்ட்.எச்>
... ஈவென்ட்கள் ...
#எண்டிஃப்

#அன்டெஃப் டிரேஸ்_இன்க்ளூட்_பாத்
#டிஃபைன் டிரேஸ்_இன்க்ளூட்_பாத் .
#அன்டெஃப் டிரேஸ்_இன்க்ளூட்_ஃபைல்
#டிஃபைன் டிரேஸ்_இன்க்ளூட்_ஃபைல் பஸ்_டிரேஸ்
#இன்க்ளூட் <டிரேஸ்/டிஃபைன்_டிரேஸ்.எச்>

முதல் இரண்டு வரியும் கடைசி ஐந்து வரியும் இஃப்-எண்டிஃப் காவலுக்கு வெளியே இருப்பது தற்செயல் அல்ல. எண்டிஃபைக் கடைசி வரிக்குக் கொண்டுபோனால் எல்லாம் குழம்பும்.

டிரேஸ்_இன்க்ளூட்_ஃபைல் எதற்கு என்றால், அது இல்லாவிட்டால் குழுவின் பெயரையே கோப்பின் பெயராக எடுத்துக்கொள்ளும். கர்னலிலேயே சிஸ்கால்ஸ்.எச் என்ற கோப்பின் குழு ரா_சிஸ்கால்ஸ். பெயர் ஒத்துப்போகாததால் அங்கேயும் இந்த வரி இருக்கிறது. பாத், ஃபைல் இரண்டுக்கும் அன்டெஃப் கட்டாயம் போடுங்கள். மூன்று ஹெட்டரும் ஒரே சி கோப்பில் வரும்போது, முதல் ஹெட்டர் டிஃபைன் செய்த பெயர் அடுத்ததிலும் தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டாவது ஹெட்டர் தன் பெயரைச் சொல்ல மறந்தால், டிஃபைன்_டிரேஸ் முதல் ஹெட்டரையே மறுபடி திறக்கும். அப்போது வரும் எர்ரர்களைப் பார்த்து உண்மையான காரணத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பாத்தில் இருக்கும் புள்ளி டிஃபைன்_டிரேஸ்.எச் இருக்கும் இடத்திலிருந்து தேடப்படும், உங்கள் கோப்புறையிலிருந்து அல்ல. அதனால் மேக்ஃபைலில் ஒரு வரி வேண்டும்:

சிஃப்ளாக்ஸ்_கிலாங்-மெயின்.ஓ := -ஐ$(எஸ்ஆர்சி)

அதில் வருவது கிரியேட்_டிரேஸ்_பாயிண்ட்ஸ் இருக்கும் சி கோப்பின் ஆப்ஜெக்ட் பெயர். ஹெட்டரின் பெயரைப் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று கேட்பவர்கள் நிறைய.

கிலாங்-மெயின்.சி-யில் மற்ற எல்லா இன்க்ளூடுக்கும் கீழே, கடைசியாக (திம்பாங் எடைக்கு, ரெபுஸ் அவிக்கும் கலனுக்கு):

#டிஃபைன் கிரியேட்_டிரேஸ்_பாயிண்ட்ஸ்
#இன்க்ளூட் "திம்பாங்_டிரேஸ்.எச்"
#இன்க்ளூட் "ரெபுஸ்_டிரேஸ்.எச்"
#இன்க்ளூட் "பஸ்_டிரேஸ்.எச்"

டிஃபைன் ஒரு தடவை போதும்; டிஃபைன்_டிரேஸ் வேலை முடிந்ததும் அதை மறுபடி போட்டு வைத்துவிடும். அந்த வரிக்குக் கீழே வேறு ஹெட்டர் எதுவும் வரக்கூடாது. வந்து, அது உள்ளுக்குள் ஸ்கெட் ஹெட்டரை இழுத்தால், ஸ்கெட் ஈவென்ட்களையும் உங்கள் மொடியூல் பெற்றெடுக்கப் பார்க்கும். மற்ற சி கோப்புகளில் ஹெட்டரை மட்டும் இன்க்ளூட் செய்யுங்கள், டிஃபைன் வேண்டாம். இரண்டு இடத்தில் டிஃபைன் போட்டால் லிங்க் நேரத்தில் ஒரே பெயர் இரண்டு முறை என்று வரும். எங்கேயும் போடாவிட்டால் __டிரேஸ்பாயிண்ட்_ என்று தொடங்கும் பெயர் கிடைக்கவில்லை என்று வரும்.

6.12-க்குப் போவதால் இன்னொன்று. ஈவென்ட்டில் சரம் வைத்திருந்தால் __அசைன்_ஸ்டர் 6.10-லிருந்து ஒரே ஒரு ஆர்க்யுமெண்டைத்தான் வாங்கும். மூலச் சரத்தை __ஸ்ட்ரிங் வரியிலேயே சொல்லியாயிற்று, மறுபடி எதற்கு என்று எடுத்துவிட்டார்கள். பழைய கோடு அப்படியே இருந்தால் இரண்டு ஆர்க்யுமெண்ட் வந்தது, ஒன்றுதான் வாங்கும் என்று கம்பைல் நிற்கும். இரண்டு கர்னலுக்கும் ஒரே கோடு வேண்டுமென்றால் பதிப்பு எண்ணைப் பார்த்து ஒரு சின்ன மேக்ரோவால் சுற்றிக்கொள்ளுங்கள்.


நெட்டைத்தென்னை | இரவு 10.05

மண்சடக்கு அண்ணன் சொன்ன ஹெட்டர் வேலையில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மூன்று வேலை, அதனால் மூன்று குழு என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். எந்தச் சி கோப்பில் இருக்கிறது என்று பார்த்துப் பிரிப்பது பலரும் செய்யும் தவறு.

கர்னலையே பாருங்கள். ஸ்கெட்_பிராசஸ்_ஃபோர்க் அழைக்கப்படுவது கர்னல்/ஃபோர்க்.சி-யில், ஸ்கெட்_பிராசஸ்_எக்ஸெக் அழைக்கப்படுவது எஃப்எஸ்/எக்ஸெக்.சி-யில். இரண்டும் ஸ்கெட் குழுவில்தான் கிடக்கின்றன, ஏனென்றால் ஷெட்யூலரைப் பார்க்கிறவனுக்கு டாஸ்க் பிறந்த கதையும் வேண்டும். மறுபக்கம் மெமரி ஒரே துறைதான், ஆனால் கேமெம், விஎம்ஸ்கேன், கம்பாக்ஷன், ஓஓஎம் என்று தனித்தனிக் குழு. ஒன்றைப் பார்க்கிறவனுக்கு மற்றது இரைச்சல்.

குழு என்பது ஒரு எனேபிள் கோப்பும் ஒரு ஃபில்டர் கோப்பும்தான். ஆகவே கேள்வி இது: எவற்றை ஒரே சொடுக்கில் சேர்த்து இயக்குவீர்கள்? எவற்றுக்கு ஒரே ஃபில்டர் பொருந்தும்? இந்த இரண்டுக்கும் ஆம் என்று வருபவை ஒரு குழு. நொடிக்கு எத்தனை வருகிறது என்பது மூன்றாவது. வேகம் பத்து மடங்கு, நூறு மடங்கு வேறுபடும் ஈவென்ட்களை ஒன்றாக அடைத்தால் வேகமானது மெதுவானதைத் தின்றுவிடும்.

உங்கள் லோரி காணாமல் போனதும் அதனால்தான், கணக்குப் போட்டே காட்டலாம். 485 லைன் 9600 பாட், 8-என்-1 என்றே வைப்போம். ஒரு பைட்டுக்கு 10 பிட், ஆக உச்சத்தில் நொடிக்கு 960 பைட். பைட்டுக்கு ஒரு ஈவென்ட். ரிங் பஃபரில் ஒவ்வொரு பதிவுக்கும் தலைப்பு 4 பைட், பொதுப் புலங்கள் 8 பைட், உங்கள் புலங்கள் ஒரு 20 பைட், மொத்தம் 32. நொடிக்கு 30 கேபி. பஃபர் கொள்ளளவு சிபியு ஒன்றுக்கு 1408 கேபி. பஃபர்_சைஸ்_கேபி கோப்பைத் திறந்தால், டிரேஸை இதுவரை தொடாத போர்டில் '7 (எக்ஸ்பாண்டட்: 1408)' என்று இருக்கும், அதுதான் இது. நான்கு கோருக்கு 5632 கேபி இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் யுஆர்ட் (485 லைனைப் படிக்கும் சீரியல் சிப்) இன்டரப்ட் ஒரே சிபியுவில்தான் ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஒரு பஃபர் 47 நொடியில் நிரம்பி, பழையதன் மேல் எழுத ஆரம்பிக்கும். எடை ஈவென்ட்டும் அதே சிபியுவில் பதிவாகியிருந்தால் அதுவும் போச்சு. குலை ஏற்றிய லோரி மேடையில் ஏறி, நின்று, எடை நிலைத்து, சீட்டு வாங்கி இறங்க 47 நொடி எங்கே போதும்?

உறுதிப்படுத்த வேண்டுமானால் பெர்_சிபியு/சிபியு0/ஸ்டாட்ஸ் கோப்பில் ஓவர்ரன் வரியைப் பாருங்கள். அங்கே பூஜ்யத்துக்கு மேல் எண் இருந்தால் அத்தனை ஈவென்ட் அழிந்திருக்கிறது.

ஆகவே என் பிரிப்பு இப்படி இருக்கும். திம்பாங் குழுவில் எடை நிலைத்தது, பூஜ்யம் நகர்ந்தது, சீட்டுக்குப் போன எடை. ரெபுஸ் குழுவில் அழுத்தம், வால்வு, கட்டம் மாறியது. பஸ் குழுவில் ஃப்ரேம் அளவில் நடப்பவை மட்டும்: அனுப்பியது, வந்தது, டைம்அவுட், சிஆர்சி தவறு. பைட் அளவில் வருவது நான்காவதாகத் தனியே, கிலாங்_பஸ்_ரா என்று. அதை யாரும் தினசரி இயக்கப் போவதில்லை. கேபிள் சந்தேகம் வந்தால் மட்டும்தான்.

பெயரில் இரண்டு விஷயம். குழுவுக்குள் குழு கிடையாது, ஒரே அடுக்குதான். எனவே எல்லாக் குழுவும் கிலாங்_ என்று தொடங்கட்டும், பட்டியலில் அருகருகே நிற்கும். எல்லாவற்றையும் சேர்த்து இயக்க 'எக்கோ 1 | டீ ஈவென்ட்ஸ்/கிலாங்_*/எனேபிள்' போதும். குழு வேறாக இருக்கிறதே என்று ஈவென்ட்டுக்கு வெறும் 'ரீட்', 'எரர்' என்று பெயர் வைக்காதீர்கள். ஈவென்ட் பெயரிலிருந்து டிரேஸ்_ரீட்() என்ற சி ஃபங்ஷன் பிறக்கிறது. சி மொழிக்குக் குழு என்ற ஒன்றே தெரியாது. ஸ்கெட் குழுவிலேயே ஸ்கெட்_ஸ்விட்ச் என்று முன்னொட்டை இரண்டாம் முறை எழுதியிருப்பது அதனால்தான். ஹைஃபனும் வேண்டாம். போடலாம், ஆனால் டிரேஸ்_சிஸ்டம்_வேர் என்று இன்னொரு டிஃபைன் தேவைப்படும். ஒரு கோடு அழகுக்காக அத்தனை வேலையா?


லயத்துப் பையன் | இரவு 10.40

நன்றி அண்ணே, 47 நொடிக் கணக்கு அப்படியே பொருந்துகிறது. ஓவர்ரன் எண் லட்சத்தைத் தாண்டி நிற்கிறது.

நான்கு ஹெட்டராகப் பிரித்தாயிற்று, 6.1-இல் கம்பைல் ஆகிவிட்டது. இப்போது மூன்று சிக்கல். எடை இண்டிகேட்டர் நோட் 1, அழுத்த டிரான்ஸ்மிட்டர் நோட் 7. ஈவென்ட்ஸ்/கிலாங்_பஸ்/ஃபில்டர் கோப்பில் 'நோட் == 1' போட்டேன், எர்ரர் வரவில்லை. ஆனாலும் நோட் 7-இன் டைம்அவுட்கள் வருகின்றன. ரெபுஸ் ஈவென்ட்டில் கட்டத்தின் பெயர் டிரேஸ் கோப்பில் சரியாக இருக்கிறது. டிரேஸை எடுத்துக் காட்டும் கருவியான டிரேஸ்-சிஎம்டியின் ரிப்போர்ட்டில் மட்டும் 'ஃபெயில்ட் டு பார்ஸ்' என்கிறது. பிரிப்பதற்கு முன் இது வரவில்லை. கடைசியாக, சோதனை போர்டு ஒன்றில் நான்கு குழுவில் ஒன்றுகூடத் தோன்றவில்லை. மொடியூல் ஏறியிருக்கிறது, டிரைவர் வேலை செய்கிறது.


கோப்பி ஓ | இரவு 10.52

கடைசிக் கேள்விக்கு: அந்த போர்டில் இருக்கும் பில்டில் மொடியூல்_லைசென்ஸ் என்ன என்று பாருங்கள். புரொப்ரைட்டரி என்று இருந்தாலோ, மொடியூலைக் கட்டாயப்படுத்தி ஏற்றியிருந்தாலோ, கர்னல் அதன் டிரேஸ் ஈவென்ட்களை உருவாக்காது. டிமெசேஜில் 'மொடியூல் ஹேஸ் பேட் டெய்ண்ட், நாட் கிரியேட்டிங் டிரேஸ் ஈவென்ட்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். கையொப்பம் இல்லாததும், கர்னல் மரத்துக்கு வெளியே கட்டியதும் பிரச்சினை இல்லை, அவற்றை விட்டுவிடும்.


மண்சடக்கு | இரவு 11.20

கட்டப் பெயர் பிரச்சினை பிரித்ததால் வந்ததுதான். கட்டங்களை ஈனமாக (எண்ணுக்குப் பெயர் வைக்கும் சி மொழி வகை) வைத்து __பிரிண்ட்_சிம்பாலிக்கில் போட்டிருப்பீர்கள். டிரேஸ் கோப்பை அச்சிடுவது கர்னல், அதற்கு ஈனத்தின் மதிப்பு தெரியும். டிரேஸ்-சிஎம்டியும் பெர்ஃபும் ஃபார்மாட் கோப்பில் இருக்கும் பிரிண்ட் வரியைப் படித்து அச்சிடுகின்றன. அதில் எண்ணுக்குப் பதில் ஈனத்தின் பெயர் இருந்தால் அவற்றுக்குப் புரியாது. பெயரை எண்ணாக மாற்றத்தான் டிரேஸ்_டிஃபைன்_ஈனம். அந்த மாற்றம் குழுவுக்குள் மட்டும்தான் செல்லும்: எந்த டிரேஸ்_சிஸ்டத்தின் கீழ் அந்த வரி எழுதப்பட்டதோ, அந்தக் குழுவின் ஈவென்ட்களில் மட்டும் மாற்றுவார்கள். உங்கள் ஈனம் வரிகள் திம்பாங் ஹெட்டரிலேயே தங்கிவிட்டன என்று நினைக்கிறேன். ரெபுஸ் ஹெட்டருக்கு நகர்த்துங்கள். இரண்டு குழுவுக்கும் அதே ஈனம் வேண்டுமென்றால் இரண்டிலும் எழுத வேண்டும்; ஆனால் மாறியின் பெயரில் குழுப் பெயர் சேராது, ஒரே சி கோப்பில் இரண்டும் வந்தால் மோதும், அதனால் அந்த இரண்டு ஹெட்டரையும் தனித்தனி சி கோப்பில் வையுங்கள். சரிபார்க்க ஃபார்மாட் கோப்பைத் திறந்து கடைசி வரியில் எண் தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.

ஃபில்டர் விஷயம் ஆவணத்திலேயே இருக்கிறது, ஆனால் பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். குழுவின் ஃபில்டரில் எழுதுவது உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஈவென்ட்டுக்கும் தனித்தனியே கொடுத்துப் பார்க்கப்படும். அந்தப் புலம் இல்லாத ஈவென்ட் தன் பழைய ஃபில்டரோடேயே நிற்கும், அதாவது பெரும்பாலும் ஃபில்டரே இல்லாமல். ஒரு ஈவென்ட்டிலாவது பொருந்திவிட்டால் எர்ரர் வராது. உங்கள் டைம்அவுட் ஈவென்ட்டில் நோட் என்ற புலம் இருக்கிறதா? 'அட்ர்' என்றோ வேறு பெயரிலோ இருக்கும் பாருங்கள். காமன்_பிஐடி மாதிரிப் பொதுப் புலங்கள் மட்டும்தான் எல்லா ஈவென்ட்டுக்கும் நிச்சயமாகச் சென்று சேரும்.

குழுவின் ஃபில்டர் கோப்பைத் திறந்து பார்த்துப் பயன் இல்லை, அதில் ஒரு பொதுக் குறிப்புதான் இருக்கும். உண்மை நிலையைப் பார்க்க:

கிரெப் . ஈவென்ட்ஸ்/கிலாங்_பஸ்/*/ஃபில்டர்

'நன்' என்று வருவதெல்லாம் ஃபில்டர் இல்லாதவை. எல்லாவற்றையும் அழிக்கக் குழுவின் ஃபில்டரில் 0 எழுதுங்கள்.

இதற்கு நிரந்தரத் தீர்வு டிக்ளேர்_ஈவென்ட்_கிளாஸ். நோட், ஃபங்ஷன் எண், நீளம் என்ற மூன்று புலத்தோடு பஸ்_ஃப்ரேம் என்று ஒரு கிளாஸ். அனுப்பியது, வந்தது, டைம்அவுட் மூன்றும் அதிலிருந்து டிஃபைன்_ஈவென்ட். புலப் பெயர் பிசகவே வழியில்லை. மேலும் டிரேஸ்_ஈவென்ட் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு முழு கிளாஸைச் சுமந்து சில கேபி இடம் பிடிக்கும்; டிஃபைன்_ஈவென்ட் ஏற்கெனவே இருப்பதைப் பகிர்ந்துகொள்ளும். சிஆர்சி தவறுக்குக் கூடுதல் புலம் வேண்டுமானால் அதைத் தனி டிரேஸ்_ஈவென்ட்டாக வையுங்கள், நோட் என்ற பெயரை மட்டும் மாற்றாதீர்கள். கிளாஸையும் குழுவையும் ஒன்றென்று நினைத்துவிட வேண்டாம். கிளாஸ் கோடு மிச்சம் பிடிக்க. கோப்புறையில் அது தெரியவே தெரியாது.

குழுவின் எனேபிளைப் படித்தால் 0, 1 தவிர எக்ஸ் என்றும் வரும்: உள்ளே சிலது ஓடுகிறது, சிலது ஓடவில்லை. ஸ்கிரிப்ட் 1-ஐ மட்டும் எதிர்பார்த்தால் அங்கே ஏமாறும்.


நெட்டைத்தென்னை | இரவு 11.45

பிரித்த பிறகும் எல்லாம் ஒரே பஃபருக்குத்தான் போகிறது, அதை மறக்க வேண்டாம். பஸ்_ரா-வை இயக்கினால் மறுபடி அதே 47 நொடிதான். இன்ஸ்டன்ஸ் போடுங்கள்:

எம்கேடிர் இன்ஸ்டன்சஸ்/திம்பாங்
எக்கோ 512 > இன்ஸ்டன்சஸ்/திம்பாங்/பஃபர்_சைஸ்_கேபி
எக்கோ 1 > இன்ஸ்டன்சஸ்/திம்பாங்/ஈவென்ட்ஸ்/கிலாங்_திம்பாங்/எனேபிள்

அதற்குள்ளேயே முழு ஈவென்ட்ஸ் மரமும், தனி பஃபரும், தனி ஃபில்டர்களும் இருக்கும். 512 என்பது ஒரு சிபியுவுக்கு, ஆக மொத்தம் 2 எம்பி. 1 ஜிபி போர்டுக்குச் சுமை இல்லை. ரெபுஸுக்கும் அதே அளவு போதும். அழுத்தம் நொடிக்கு ஒருமுறை, ஒரு அவியல் 90 நிமிடம் என்றால் 5400 பதிவு. ஒன்று 48 பைட் என்றாலும் சுமார் 253 கேபிதான், எல்லாம் ஒரே சிபியுவில் விழுந்தால்கூட இடம் மிச்சம். முழு அவியலும் பஃபரிலேயே நிற்கும். குழுவைச் சரியாகப் பிரித்ததன் பலனே இங்கேதான் தெரியும்.

கோப்பில் எழுதிக்கொண்டே போக வேண்டுமானால் 'டிரேஸ்-சிஎம்டி ரெக்கார்ட் -பி திம்பாங் -இ கிலாங்_திம்பாங் -பி ரெபுஸ் -இ கிலாங்_ரெபுஸ்'. அதில் -பி என்பது பஃபர் என்பதன் முதல் எழுத்து, பெரிய எழுத்தில்; அதன் பின்னால் வரும் -இ அந்த இன்ஸ்டன்ஸுக்குரியது. சாயங்கால மழைக்கு மின்சாரம் போகிற ஊரில் இதுதான் பாதுகாப்பு. ரிங் பஃபர் நினைவகத்தில் இருப்பது, போர்டு அணைந்தால் அதுவும் போகும்.

செட்_ஈவென்ட் பயன்படுத்தினால் ஒற்றை அம்புக்குறி ஏற்கெனவே ஓடும் எல்லா ஈவென்ட்டையும் அணைத்துவிட்டுத்தான் புதிதை இயக்கும். சேர்க்க இரட்டை அம்புக்குறி. நிறுத்த '!கிலாங்_பஸ்:*' என்று எழுதும்போது ஒற்றை மேற்கோள் கட்டாயம், இல்லையென்றால் ஆச்சரியக்குறியை பாஷ் பிடுங்கிக்கொள்ளும்.

யுஆர்ட் டிரைவர் உங்களுடையது இல்லையே, அதன் இன்டரப்டையும் பஸ் குழுவோடு பார்க்க வேண்டுமென்றால் கேபுரோப் (கர்னல் ஃபங்ஷனில் நாமே வைக்கும் பதிவுப் புள்ளி):

எக்கோ 'பி:கிலாங்_பஸ்/பஸ்_யுஆர்ட் பிஎல்011_இன்ட்' >> கேபுரோப்_ஈவென்ட்ஸ்

சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது குழு. அதை விட்டுவிட்டால் கேபுரோப்ஸ் என்ற பொதுக் குழுவில் விழும். உங்கள் குழுப் பெயரைக் கொடுத்தால் அதே கோப்புறையில் மற்றவற்றோடு சேர்ந்து நிற்கும். ஆனால் அதற்கு நோட் புலம் கிடையாது, குழுவின் ஃபில்டர் அதைத் தொடாது. எடுக்கும்போது முதலில் அதன் எனேபிளை 0 ஆக்கிவிட்டு '-:கிலாங்_பஸ்/பஸ்_யுஆர்ட்'. ஓடிக்கொண்டிருக்கும்போது எடுக்கப் பார்த்தால் 'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி' என்று நிற்கும்.


லயத்துப் பையன் | இரவு 11.58

டைம்அவுட்டில் புலத்தின் பெயர் 'அட்ர்' என்றுதான் இருந்தது, கிளாஸுக்கு மாற்றிவிட்டேன். ஈனமும் லைசென்ஸும் சொன்னபடியே. சோதனை பில்டில் லைசென்ஸ் வரி தவறாக இருந்தது.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். பராமரிப்பு ஆட்களிடம் 'கிலாங்:' என்று எழுதிய பழைய ஸ்கிரிப்ட்கள் இருக்கின்றன. பழைய பெயரும் சேர்ந்து வேலை செய்ய ஏதாவது வழி உண்டா?


மண்சடக்கு | நள்ளிரவு 12.15

ஒரு ஈவென்ட்டுக்கு இரண்டு குழு கிடையாது, மாற்றுப்பெயரும் இல்லை. பாத், பெர்ஃபின் -இ, டிரேஸ்-சிஎம்டியின் -இ, பிபிஎஃப்டிரேஸின் டிரேஸ்பாயிண்ட்: வரி, எல்லாவற்றிலும் குழுப் பெயர் உட்கார்ந்திருக்கும். ஹிஸ்ட் டிரிகர் எழுதியிருந்தால் ஆன்மேட்ச் அடைப்புக்குள் பாருங்கள். அங்கே குழுவுக்கும் ஈவென்ட்டுக்கும் நடுவில் முக்காற்புள்ளி இல்லை, வெறும் புள்ளி. 'கிலாங்:' என்று தேடிப்பிடித்து மாற்றும்போது தப்பிப்போவது அதுதான்.

செட்_ஈவென்ட்டில் ஒரு சலுகை உண்டு: குழுவை எழுதாமல் ஈவென்ட் பெயரை மட்டும் எழுதினால் எந்தக் குழுவில் இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். முக்காற்புள்ளி இல்லாத பெயரைக் குழுப் பெயரோடும் ஒப்பிடும் என்பதால், ஒரு ஈவென்ட்டுக்கும் ஒரு குழுவுக்கும் ஒரே பெயர் வைக்காதீர்கள். ஒன்றை இயக்கப் போய் முழுக் குழுவும் எழுந்துவிடும்.

புலங்களும் அப்படியே. 2011-இல் பெரிய கர்னல் லாக்கை எடுத்தபோது, பொருளற்றுப் போன லாக்_டெப்த் என்ற பொதுப் புலத்தையும் எடுத்தார்கள். புலங்களின் இடத்தை எண்ணாகவே எழுதி வைத்திருந்த பவர்டாப் உடைந்தது. ஃபார்மாட் கோப்பைப் படித்து இடத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்கள் ஆட்களின் ஸ்கிரிப்ட் டிரேஸ் வரியை இடம் எண்ணி வெட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை: குழு மாற்றத்தையும் 6.12-ஐயும் ஒரே நாளில் விடுங்கள். எப்படியும் ஸ்கிரிப்ட்களைத் தொட வேண்டிய நாள் அது. ஸ்கிரிப்ட்டின் தலையில், ஈவென்ட்ஸ்/கிலாங்_திம்பாங் கோப்புறை இருந்தால் புதுப்பெயர், இல்லையென்றால் பழையது என்று நாலு வரி எழுதினால் இரண்டு போர்டிலும் ஓடும்.

மாற்றுகிற அன்றைக்கு ஆர்எம்மோட் போடும் முன் டிரேஸை வேறு கோப்பில் நகல் எடுத்துவிடுங்கள். ஈவென்ட் இயக்கியிருந்த மொடியூலை இறக்கினால் கர்னல் அந்த ரிங் பஃபரைத் துடைத்துவிடும், ஏனென்றால் அந்த ஈவென்ட் எண்கள் அடுத்து ஏறும் மொடியூலுக்குப் போகலாம். மறுபடி ஏற்றியதும் எனேபிள் எல்லாம் 0-இலிருந்துதான்.